29 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு பிசியோதெரபி: அழவைத்துச் செய்ய வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் 29 வாரத்தில், 1,180 கிராம் எடையில் பிறந்தான். 52 நாள் என்.ஐ.சி.யு. என்ற பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். தலை ஸ்கேனில் முதல் கிரேடு இரத்தக்கசிவு இருந்து, பிறகு கரைந்துவிட்டது. இப்போது 6 மாதம் முடிந்துவிட்டது. கழுத்து சரியாக நிற்கவில்லை, குப்புற விழவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் ‘பிசியோதெரபி தேவை’ என்று ஒரே ஒரு வரி. அதனால் பெரம்பூரில் உங்கள் வீட்டுக்கே ஒருவர் வந்து தினமும் அரை மணி நேரம் கால்களை நீட்டி மடக்குகிறார். பிள்ளை வீறிட்டு அழுகிறான். எண்ணெய் தேய்த்தாலே போதும், நிறுத்து என்கிறார் மாமியார். தொடர வேண்டும் என்கிறார் கணவர். மருத்துவமனையில் இருந்தபோதே இதைத் தொடங்கியிருக்க வேண்டுமோ, காலம் கடந்துவிட்டதோ என்பது உங்கள் பயம்.

பயிற்சியைத் தொடரலாமா என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது ‘என் பிள்ளை பின்தங்கிவிட்டானா’ என்பதுதான் என்று தோன்றுகிறது. நான் சென்னையில் 19 வருடங்களாகக் குழந்தைகளுக்கு பிசியோதெரபி செய்கிறேன். அதில் பாதிக்கு மேல் என்.ஐ.சி.யு.விலும், அங்கிருந்து வீடு திரும்பிய பிள்ளைகளின் தொடர் பரிசோதனையிலும் போனது. உங்கள் மகனை நான் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. எனவே அவனுக்கு இது இருக்கிறது, இது இல்லை என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். அப்படி எழுத்தில் சொல்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். எதை உறுதியாகச் சொல்லலாம், எது இன்னும் சந்தேகம், அடுத்த சில வாரங்களில் நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் வயதுக் கணக்கு. அவன் 40 வாரம் முடிந்து பிறந்திருக்க வேண்டியவன். 11 வாரம் முன்னால் வந்துவிட்டான். 6 மாதம் என்பது ஏறக்குறைய 26 வாரம். அதில் 11ஐக் கழித்தால் 15 வாரம். வளர்ச்சிக் கணக்கில் அவனுக்கு இப்போது மூன்றரை மாதம்தான். இதைத் திருத்திய வயது என்கிறோம். கழுத்து நிற்பது, குப்புற விழுவது, உட்காருவது, நடப்பது எல்லாவற்றையும் இரண்டு வயது வரை இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் கிடையாது, அது பிறந்த தேதிப்படியே போகும். பல வீடுகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஊசியைத் தள்ளிப்போடுகிறார்கள், குப்புற விழவில்லையே என்று கவலைப்படுகிறார்கள். மூன்றரை மாதத்தில் கழுத்து லேசாகத் தள்ளாடலாம், குப்புற விழாமல் இருக்கலாம். பக்கத்து வீட்டில் அதே மாதம் பிறந்த நிறைமாதக் குழந்தையோடு ஒப்பிடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரைப் பருவம் என்று வைத்திருக்கிறார்கள்: இரு கைகளையும் தரையில் ஊன்றி, ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, தலை நிமிர்த்தி ஆடும் பருவம். நான் தாய்மார்களிடம் அந்தப் பருவத்தைச் சொல்லித்தான் விளக்குவேன். உங்கள் மகனுடைய செங்கீரைக்கு, பிறந்த நாளிலிருந்து எண்ணினால், ஏழரை மாதம் ஆக வேண்டும்.

வயதைக் கழித்த பிறகும் குறைமாதக் குழந்தையின் உடல் நிறைமாதக் குழந்தையின் உடலைப் போல இருக்காது. அதற்குக் காரணம் இருக்கிறது. கடைசி மூன்று மாதம் கருப்பையில் இடம் நெருக்கடியாகும். அந்த நெருக்கடியில்தான் முழங்கால் வயிற்றோடு ஒட்டி, தாடை மார்போடு சேர்ந்து, கைகள் முகத்தருகே வந்து குழந்தை சுருண்டு கிடக்கும். அந்த மடங்கிய நிலையோடு பிறக்கும் நிறைமாதக் குழந்தைக்கு அதுவே முதல் மூலதனம்: கை வாய்க்குப் போகும், கை கையைத் தொடும், தலை நடுவில் நிற்கும். 28, 29 வாரத்தில் பிறந்த குழந்தைக்குத் தசைகளில் இறுக்கம் என்பதே ஏறக்குறைய இருக்காது. துவண்டு கிடக்கும். புவி ஈர்ப்பு அந்த மெல்லிய கைகால்களைப் படுக்கையோடு அழுத்தும். தவளைக் கால் போல தொடைகள் இரு பக்கமும் விரிந்து கிடக்கும். தோள்கள் பின்னுக்குப் போய்விடும். கழுத்து பின்னால் வளையும். வாரக்கணக்கில் அப்படியே கிடந்தால் உடல் அந்த நிலையைப் பழகிக்கொள்ளும். பிற்பாடு ‘பின்னால் வில் மாதிரி வளைகிறான்’, ‘கையை நடுவில் கொண்டுவர மாட்டேன் என்கிறான்’ என்று அம்மாக்கள் சொல்வதில் கணிசமானது இங்கிருந்து வருவதுதான்.

எனவே என்.ஐ.சி.யு.வில் எங்கள் வேலை பெரும்பாலும் குழந்தையைச் சுற்றித் துணிச் சுருளால் கூடு கட்டுவதுதான். கால்களுக்கு முட்டுக்கொடுத்து, தோள்களை முன்னால் கொண்டுவந்து, தலையை நடுவில் வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை நிலை மாற்றுவோம். எடை குறைந்த குழந்தையைத் தேவையில்லாமல் தொடவே கூடாது. தொட்டால் ஆக்சிஜன் அளவு இறங்கும், இதயத் துடிப்பு தடுமாறும். எனவே தினமும் யாரும் வந்து உடற்பயிற்சி செய்யவில்லை என்பதற்காக அந்த 52 நாளும் வீணாகிவிட்டதாக நினைக்க வேண்டாம். செய்யாமல் இருந்ததே சரியாக இருந்திருக்கலாம். அந்த நாட்களில் நீங்கள் அவனை நெஞ்சோடு அணைத்துக் கங்காரு முறையில் வைத்திருந்தீர்கள் என்றால் அதுவே பெரிய சிகிச்சை. 1978ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையில் தொடங்கிய முறை அது. 2021ல் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு, பிறந்ததும் நிலைப்படும் வரை காத்திருக்காமல் கங்காரு அணைப்பைத் தொடங்கினால் முதல் 28 நாளில் ஏற்படும் இறப்பு கால் பங்கு குறைகிறது என்று காட்டியது. உலக சுகாதார நிறுவனம் 2022ல் இதை ஒரு நாளில் 8 மணி முதல் 24 மணி நேரம் வரை செய்யச் சொல்கிறது. நெஞ்சின் மேல் குழந்தை கிடக்கும் நிலையைக் கவனியுங்கள்: கால் மடங்கி, கை முன்னால் வந்து, தலை நடுவில். நாங்கள் துணியில் கட்டும் கூடு, உயிரோடு.

செய்யாமல் இருந்தது சரி என்று நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நான் படித்து முடித்த புதிதில், சளி வெளியேறுவதற்காகக் குறைமாதக் குழந்தைகளின் நெஞ்சில் விரல்களாலோ சிறிய மாஸ்க்காலோ தட்டுவது சாதாரணமாக இருந்தது. நானும் தட்டியிருக்கிறேன், நல்லது செய்கிறோம் என்றுதான். 1990களில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில், 24 முதல் 27 வாரத்தில் பிறந்த சில குழந்தைகளின் மூளையில் அபூர்வமான ஒரு சேதம் தெரிந்தது. அவர்களுக்குத்தான் மற்றவர்களைவிட அதிக முறை நெஞ்சில் தட்டும் சிகிச்சை நடந்திருந்தது. தட்டியதுதான் காரணமா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. வேறு ஊர்களில் நடந்த ஆய்வுகளில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. ஆனால் பலன் நிச்சயமில்லாத ஒன்றுக்காக அந்த ஆபத்தை எடுக்க யாருக்கும் உரிமையில்லை என்று நான் கற்றுக்கொண்டது அந்த ஆய்வைப் படித்தபோதுதான். இன்று சளி உண்மையில் சேர்ந்திருந்தால் மட்டும், நிலையை மாற்றி, தேவைப்பட்டால் உறிஞ்சி எடுக்கிறோம்.

சரி, இப்போது வீட்டில் நடக்கும் கால் பயிற்சிக்கு வருகிறேன். வருபவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. பக்கவாதம் வந்த பெரியவருக்குச் செய்வதைச் சின்ன அளவில் குழந்தைக்குச் செய்கிறார் என்று நீங்கள் எழுதியதிலிருந்து தோன்றுகிறது. படுக்கவைத்து, கால்களை மடக்கி நீட்டி, தொடையை விரித்து இழுப்பதால் குழந்தை கழுத்து நிற்கவோ புரளவோ கற்றுக்கொள்ளும் என்பதற்கு ஆதாரம் இல்லை. குழந்தை தானாக முயன்று அசைவதுதான் மூளையில் பதிகிறது. நாம் அசைத்துக் கொடுப்பது அப்படிப் பதிவதில்லை. இது இன்று எங்கள் துறையில் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். இன்னொன்று எலும்பு. குழந்தையின் எலும்புக்கான கால்சியம், பாஸ்பரஸில் ஏறக்குறைய 80 சதவீதம் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் சேர்கிறது. 29 வாரத்தில் வெளியே வந்தவனுக்கு அந்தச் சேமிப்பு கிடைக்கவில்லை. மருந்தாகக் கொடுத்து ஈடுகட்டியிருப்பார்கள். இருந்தாலும் முதல் மாதங்களில் முரட்டுத்தனமாக இழுத்தால் எலும்பு முறியக்கூடும். அவனுக்கு எலும்பின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனைகளான கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்பட்டேஸ் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை இழுக்கும் பயிற்சியை நிறுத்திவையுங்கள். இந்த ஒரு விஷயத்தில் உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி.

அழுகையைப் பற்றி ஒரு வார்த்தை. குழந்தை அழுதாலே சிகிச்சை தவறு என்று சொல்ல மாட்டேன். குப்புறப் போட்டால் அனேகமாக எல்லாக் குழந்தையும் முதலில் சிணுங்கும். ஆனால் சிணுங்குவதற்கும் வீறிட்டு அழுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வீறிட்டு அழும் குழந்தை உடம்பு முழுவதையும் விறைத்துப் பின்னால் வளைகிறது. நாம் குறைக்க நினைக்கும் இறுக்கத்தையே அந்த அரை மணி நேரமும் பயிற்சியாகச் செய்துகொண்டிருக்கிறது. குறைமாதப் பிள்ளைகள் அழுவதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள்: விரல்களை அகல விரிப்பார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், கொட்டாவி, விக்கல், தோலில் திட்டுத்திட்டாக நிறமாற்றம். அதைப் பார்த்ததும் கையை எடுத்து, இரு கைகளையும் நெஞ்சின் மேல் சேர்த்து அணைத்துப் பிடித்தால் அடங்குவார்கள். நல்ல சிகிச்சையாளரா என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்: இந்தச் சாடைகளை அவர் கவனிக்கிறாரா, ஒவ்வொன்றும் எதற்காக என்று உங்களிடம் சொல்கிறாரா, உங்கள் கையாலேயே செய்யவைத்துப் பார்க்கிறாரா. ஒரு குழந்தையை நான் வாரத்தில் ஒரு மணி நேரம் பார்க்கிறேன் என்றால் அம்மாவிடம் அவன் நூற்றுக்கு மேற்பட்ட மணி நேரம் இருக்கிறான். அந்த நேரத்தில் அவனை எப்படித் தூக்குகிறீர்கள், எப்படிப் படுக்கவைக்கிறீர்கள் என்பதை மாற்றிக் கொடுப்பதுதான் என் உண்மையான வேலை.

அதனால் அந்த மணி நேரங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தூக்கும்போது இரு கைகளையும் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். முதலில் ஒரு பக்கமாக உருட்டி, தலைக்கும் தோளுக்கும் கை கொடுத்து, பக்கவாட்டிலேயே எடுங்கள், படுக்கவைக்கும்போதும் அப்படியே. ஒரு நாளில் இருபது முறை தூக்கினால் கழுத்துக்கும் பக்கவாட்டுத் தசைக்கும் இருபது முறை வேலை. டயப்பர் மாற்றும்போது பாதங்களைப் பிடித்து இடுப்பை உயர்த்தாமல் இடமும் வலமுமாக உருட்டி மாற்றுங்கள். குப்புற விழுவதன் முதல் பாடம் அது. சுமக்கும்போது அவன் முதுகு உங்கள் வயிற்றில் சாய்ந்திருக்க, முழங்கால்கள் மடங்கி, இரு கைகளும் முன்னால் ஒன்றையொன்று தொடும்படி பிடியுங்கள். விழித்திருக்கும்போது ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகுக்குப் பின்னால் துண்டைச் சுருட்டி வையுங்கள். மல்லாந்து கிடக்கும்போது முன்னால் வராத கைகள் ஒருக்களித்தால் தாமாக முன்னால் வந்து சேரும். அவற்றை அவன் வியப்பாகப் பார்த்துக்கொண்டிருப்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

குப்புறப் போடுவதற்குப் பயப்படுகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் உங்கள் நெஞ்சிலேயே தொடங்குங்கள். சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்து, அவனைக் குப்புற நெஞ்சில் போட்டுப் பேசுங்கள். உங்கள் முகத்தைப் பார்க்கத்தான் அவன் தலையைத் தூக்குவான். பழகியதும் தரையில் பாய் விரித்து, மார்புக்குக் கீழே மெல்லிய துண்டுச் சுருள் வைத்து, முழங்கைகள் தோளுக்கு நேர்கீழே வரும்படி போடுங்கள். மெத்தை வேண்டாம், அதில் அழுந்தும் கைகளால் ஊன்ற முடியாது. நம் ஊர் கோரைப்பாய் இதற்கு மிகவும் ஏற்றது, சென்னை வெயிலுக்கும் நல்லது. ஒரு தடவைக்கு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் போதும். ஒரு நாளில் பல தடவை. பால் குடித்து முக்கால் மணி நேரமாவது போகட்டும். பக்கத்திலேயே இருங்கள். தூங்கிவிட்டால் உடனே மல்லாத்திப் போடுங்கள். என்.ஐ.சி.யு.வில் அவனைக் குப்புறத் தூங்கவைத்திருப்பார்கள், அங்கே மானிட்டர் இருந்தது. வீட்டில் தூக்கம் என்றால் மல்லாந்துதான், இதில் விதிவிலக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் மடியில் நிற்கவைத்து ‘கால் எவ்வளவு பலமாக ஊன்றுகிறான் பார்’ என்று மகிழ்வார்கள். அது பலம் அல்ல, இறுக்கம். நிற்கவைப்பதை இப்போதைக்கு மென்மையாகத் தடுத்துவிடுங்கள். உட்காரும் வாக்கரும் பின்னாளிலும் வேண்டாம். கனடா அதை 2004லேயே தடை செய்துவிட்டது. மரத்தில் செய்த நம் நடைவண்டி வேறு. குழந்தை தானாக எழுந்து நின்ற பிறகு தள்ளிக்கொண்டு நடக்க அது அருமையான சாதனம்.

உங்கள் மாமியாரோடு சண்டை போட வேண்டாம். எண்ணெய் தேய்ப்பதில் நன்மை இருக்கிறது. மிதமான அழுத்தத்தோடு தேய்த்துவிடும் குறைமாதக் குழந்தைகளுக்கு எடை சற்று நன்றாகக் கூடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. தேங்காய் எண்ணெய் தாராளமாக ஏற்றது. கடுகு எண்ணெய் தோலைப் புண்ணாக்கலாம். தேய்க்கட்டும், பாட்டியின் கைச்சூடும் பேச்சும் அவனுக்கு வேண்டும். ஆனால் எண்ணெய்க் குளியலால் மட்டும் கழுத்து நின்றுவிடும் என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. மூன்று விஷயங்களை மட்டும் கெஞ்சிக் கேட்டு நிறுத்துங்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும் வாயால் ஊதுவதும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும். தலைக்கு ஊற்றிய பிறகு சாம்பிராணி காட்ட வேண்டாம். ஆக்சிஜனில் வாரக்கணக்கில் இருந்த நுரையீரல் அந்தப் புகையைத் தாங்காது. மூன்றாவது, அழுகிறான் என்றதும் உரம் விழுந்திருக்கிறது என்று புடவையில் போட்டு உருட்டுவதும் முறத்தில் போட்டுப் புரட்டுவதும். கழுத்து நிற்காத குழந்தைக்கு இது ஆபத்து. தூளியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தூளியில் முதுகு வளைந்து தாடை நெஞ்சில் இடிக்கும். குறைமாதக் குழந்தைக்கு மூச்சுப்பாதை அடைபடலாம். கழுத்து நன்றாக நிற்கும்வரை தூக்கத்துக்குத் தூளி வேண்டாம் என்றே சொல்வேன். இது பல வீடுகளில் மனத்தாங்கலை உண்டாக்கும் பேச்சு என்று எனக்குத் தெரியும். பாட்டியையும் அடுத்த பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். நேரில் பார்க்கும்போது அவர்கள் எங்களைவிட வேகமாகப் புரிந்துகொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி, பிள்ளைக்கு ஏதாவது இருக்கிறதா என்ற கேள்வி. முதல் கிரேடு இரத்தக்கசிவு என்பது லேசானது. மூளைத் திசுவுக்குள் போகாமல் ஓரத்தில் நின்றுவிடுவது. அதனால் மட்டும் கால் வராமல் போவது அரிது. நாங்கள் அதிகம் அஞ்சுவது மூன்று, நான்காம் கிரேடுகளையும், மூளையின் வெண்பகுதியில் குழிகள் விழும் பி.வி.எல்.ஐயும்தான். ஆனால் உச்சிக்குழி வழியாக எடுக்கும் ஸ்கேன் எல்லாச் சேதத்தையும் காட்டாது. ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் யாரும் தொடர் பரிசோதனையை விடக் கூடாது. இப்போது உங்கள் மகன் இருக்கும் வயதில் ஒரு வாய்ப்பு திறந்திருக்கிறது. திருத்திய வயதில் 9 வாரத்திலிருந்து 20 வாரம் வரை, ஆரோக்கியமான குழந்தை மல்லாந்து விழித்துக் கிடக்கும்போது கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் எங்கும் சின்னச்சின்ன அசைவுகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஃபிட்ஜெட்டி அசைவுகள் என்று பெயர். ஆஸ்திரியாவைச் சேர்ந்த பிரெக்டல் என்ற மருத்துவர் உருவாக்கிய ஜெனரல் மூவ்மென்ட்ஸ் பரிசோதனையில், குழந்தையைத் தொடாமலே, சில நிமிட வீடியோவைப் பார்த்து இவை இருக்கின்றனவா என்று பயிற்சி பெற்றவர் சொல்வார். 2017ல் வெளிவந்த சர்வதேசப் பரிந்துரை ஒன்று, செரிப்ரல் பால்சி (மூளைச் சேதத்தால் உடல் அசைவு பாதிக்கப்படும் நிலை) என்று பின்னால் உறுதியான குழந்தைகளில் 98 சதவீதம் பேரை இந்தப் பரிசோதனை முன்பே அடையாளம் காட்டுகிறது என்கிறது. அத்தோடு ஹேமர்ஸ்மித் பரிசோதனை என்று 26 அம்சங்களைக் கையால் தொட்டுப் பார்க்கும் ஒன்று இருக்கிறது, 78 மதிப்பெண்ணுக்கு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் திருத்திய வயது 6 மாதத்துக்குள்ளேயே ஓரளவு தெளிவு கிடைத்துவிடும். உங்கள் மகனுக்கு இப்போது 15 வாரம். இன்னும் நான்கைந்து வாரம்தான் அந்தக் கதவு திறந்திருக்கும். தினசரிப் பயிற்சியைவிட இதற்குத்தான் அவசரம்.

இதற்கு மேல் சந்தேகமான பகுதி. திருத்திய வயதில் நான்கிலிருந்து எட்டு மாதம் வரை, கணிசமான குறைமாதக் குழந்தைகளுக்குக் கால்கள் இறுகும், முதுகு வளையும். பார்த்தால் செரிப்ரல் பால்சி போலவே இருக்கும். அவர்களில் பலருக்கு ஒரு வயதை ஒட்டியோ ஒன்றரை வயதுக்குள்ளோ அது தானாக மறைந்துவிடும். தற்காலிக டிஸ்டோனியா என்கிறோம். இந்தப் பிள்ளைகளுக்கு நாங்கள் சிகிச்சை செய்துகொண்டிருந்திருப்போம். பெற்றோர் ‘நீங்கள்தான் சரிசெய்தீர்கள்’ என்று கைகூப்புவார்கள். அந்த நன்றியை முழுமையாக வாங்கிக்கொள்ள எனக்கு எப்போதும் தயக்கம்தான். தானாகச் சரியாகியிருக்கும் குழந்தை எது, நாங்கள் உதவிய குழந்தை எது என்று ஒரு குழந்தையை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்வது இதுதான்: இத்தகைய தொடக்கக்காலத் திட்டங்களால் அறிவு வளர்ச்சிக்கு, பள்ளிக்குப் போகும் வயதுக்கு முன்புவரை, தெரிந்த பலன் இருக்கிறது; உடல் அசைவுக்குக் கிடைக்கும் பலன் சிறியது, பள்ளி வயதில் அது தங்குவதாகத் தெரியவில்லை. ஆகவே பிசியோ செய்தால் கட்டாயம் நடப்பான், செய்யாவிட்டால் நடக்க மாட்டான் என்று யார் சொன்னாலும் அது மிகை. செரிப்ரல் பால்சி உறுதியானவர்களுக்கும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கும் கதை வேறு. அவர்களுக்குச் சீக்கிரம் தொடங்குவது அவசியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

காத்திருக்காமல் ஓட வேண்டிய அறிகுறிகளைச் சொல்லிவிடுகிறேன், எல்லாம் திருத்திய வயதில். நான்கு மாதம் முடிந்தும் கைகள் பெரும்பாலும் மூடியே இருப்பது, கட்டைவிரல் உள்ளே மடங்கியிருப்பது. ஐந்து மாதம் ஆகியும் நிமிர்த்திப் பிடித்தால் தலை விழுவது. ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது; ‘இடது கைப் பழக்கம் போல’ என்று சிரித்துவிட்டுப் போகிற இடம் இது, தயவுசெய்து காட்டுங்கள். தூக்கும்போது கால்கள் கத்தரிக்கோல் போலக் குறுக்கே போவது. ஒன்பது மாதத்தில் ஆதரவில்லாமல் உட்காராதது. பால் குடிக்கும்போது அடிக்கடி புரையேறுவதும் இதில் சேரும். தலை எப்போதும் ஒரே பக்கம் திரும்பியிருந்து மண்டை அந்தப் பக்கம் தட்டையாகிறது என்றால் அதையும் சொல்லுங்கள். சீக்கிரம் பிடித்தால் எளிதில் சரியாகும்.

கண்ணையும் காதையும் மறந்துவிடாதீர்கள். தலையைத் தூக்கிப் பார்க்க ஏதாவது தெரிந்தால்தானே தூக்குவான்? 29 வாரத்தில் பிறந்தவனுக்கு ஆர்.ஓ.பி. என்ற விழித்திரைச் சோதனை பிறந்த 30 நாளுக்குள் தொடங்கியிருக்கும். கடைசிச் சீட்டில் விழித்திரை முழுமையாக வளர்ந்துவிட்டது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இல்லை என்றால் இந்த வாரமே கண் மருத்துவரிடம் போங்கள். காதுக்கு என்.ஐ.சி.யு.வில் இருந்த குழந்தைகளுக்கு, ஒலி காதிலிருந்து மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பெரா சோதனை அவசியம், உள்காதை மட்டும் பார்க்கும் ஓ.ஏ.இ. எடுத்திருந்தால் போதாது.

எங்கே போவது? பெரம்பூரிலிருந்து உங்களுக்குப் பக்கம் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை. குழந்தை மருத்துவர், நரம்பியல், பிசியோதெரபி எல்லாம் ஒரே வளாகத்தில் கிடைக்கும் என்பது பெரிய வசதி. 2013ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் டி.இ.ஐ.சி. என்ற தொடக்கநிலைச் சிகிச்சை மையங்கள் இருக்கின்றன, சேவை இலவசம். அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பின்னாளில் நீண்டகால உதவி தேவைப்பட்டால் 1985ல் தொடங்கிய, மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் கோட்டூர்புரத்தில் இருக்கிறது, பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிப்மெட் நிறுவனம் முட்டுக்காட்டில் இருக்கிறது. இப்போதைய நிலையில் அங்கே போக வேண்டியிருக்கும் என்று நான் சொல்லவில்லை, தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். என்.ஐ.சி.யு. இருந்த மருத்துவமனையிலும் தொடர் பரிசோதனை நாள் ஒன்று இருக்கும். எங்கே போனாலும் ‘ஜெனரல் மூவ்மென்ட்ஸ் பார்க்கப் பயிற்சி பெற்றவர் இருக்கிறாரா, ஹேமர்ஸ்மித் பார்ப்பீர்களா’ என்று இரண்டு கேள்விகளை முதலில் கேட்டுவிடுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு, தலை ஸ்கேன், கண் சோதனைச் சீட்டு மூன்றையும் எடுத்துப் போங்கள்.

போவதற்கு முன் வீட்டிலேயே வீடியோ எடுத்துவிடுங்கள். மருத்துவமனையில் குழந்தை பெரும்பாலும் அழுதுகொண்டோ தூங்கிக்கொண்டோதான் இருப்பான். பால் குடித்துச் சிறிது நேரம் கழித்து, நன்றாக விழித்து, அமைதியாக இருக்கும் நேரமாகப் பாருங்கள். ஒரே நிறத்தில் விரிப்பைப் போட்டு மல்லாத்திப் படுக்கவையுங்கள். உள்ளாடை மட்டும் இருக்கட்டும், கைகால்கள் முழுவதும் தெரிய வேண்டும். சாக்ஸையும் கையுறையையும் கழற்றிவிடுங்கள். வளையல், கொலுசு இருந்தால் அவற்றையும் எடுத்துவிடுங்கள், அதையே பார்த்துக்கொண்டிருப்பான். பொம்மை ஆட்ட வேண்டாம், பேச வேண்டாம், மின்விசிறியை மெதுவாக வையுங்கள். கால் பக்கம் நின்று சற்று மேலிருந்து, தலை முதல் பாதம் வரை முழுவதும் தெரியும்படி 5 நிமிடம் எடுங்கள். அழத் தொடங்கினால் நிறுத்திவிட்டு மறுநாள் எடுக்கலாம்.